ஆபிரகாம் டார்பி ரோஜா: வட சென்னை மாடியில் வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் எட்டு வருடமாக ஆங்கில ரோஜா வளர்க்கிறேன். அதில் ஆபிரகாம் டார்பி மட்டும் நான்கு தொட்டி. கொளத்தூர், கொடுங்கையூர், திருவொற்றியூர் என்று பல பக்கமிருந்தும் இந்தச் செடியை வாங்கியவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். நம் ஊரில் இது தை, மாசியில் பூக்கிற செடி. அந்த இரண்டு மாதத்துக்காக மற்ற பத்து மாதமும் செடியை உயிரோடும் தெம்போடும் வைத்திருக்க வேண்டும். கீழே உள்ள பதில்கள் எல்லாம் இதை வைத்துத்தான்.

ஆபிரகாம் டார்பி என்பது எந்த ரோஜா? இது என்ன பெயர்?

இங்கிலாந்தின் ஷ்ராப்ஷயர் மாவட்டத்தில் ஆல்பிரைட்டன் என்ற ஊரில் ரோஜாப் பண்ணை நடத்திய டேவிட் ஆஸ்டின் 1985ஆம் ஆண்டு வெளியிட்ட வகை இது. பழங்கால ரோஜாக்களின் வாசனையும் அடுக்கடுக்கான இதழ்களும் வேண்டும், அதே சமயம் புது ரோஜாக்களைப் போலத் திரும்பத் திரும்பப் பூக்கவும் வேண்டும் என்பது அவருடைய ஆசை. 1961இல் அவர் முதலில் கொண்டுவந்த 'கான்ஸ்டன்ஸ் ஸ்பிரை' வருடத்துக்கு ஒரே ஒரு முறைதான் பூக்கும். ஆபிரகாம் டார்பி அப்படியில்லை. இதன் தாய் தகப்பன் இரண்டுமே புதுக்கால ரோஜாக்கள்: ஒன்று 'யெல்லோ குஷன்', இன்னொன்று 'அலோஹா' என்ற கொடி ரோஜா. அந்தக் கொடி ரத்தம் நம் வெயிலில் எப்படி வெளியே வரும் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

பெயர் ஓர் இரும்புக்காரருடையது. அதே ஷ்ராப்ஷயரில் கோல்புரூக்டேல் என்ற ஊரில் 1709இல் மரக்கரிக்குப் பதிலாகக் கல்கரியை வைத்து இரும்பு உருக்கியவர் ஆபிரகாம் டார்பி. அவருடைய பேரன் 1779இல் செவர்ன் ஆற்றின் குறுக்கே உலகின் முதல் பெரிய இரும்புப் பாலத்தைக் கட்டினார். ரயில் பெட்டித் தொழிற்சாலைச் சங்குச் சத்தம் கேட்டு வளர்ந்தவள் நான். உலைக்களத்து மனிதர் ஒருவரின் பெயர் இவ்வளவு மென்மையான பூவுக்கு வந்ததில் எனக்கு எப்போதுமே ஒரு சந்தோஷம் உண்டு.

பூ எப்படி இருக்கும்? நர்சரியில் ஏமாறாமல் வாங்குவது எப்படி?

உள்ளிதழ்கள் மஞ்சள் கலந்த பீச் நிறம், வெளியிதழ்கள் வெளிர் ரோஜா நிறம். விரிந்ததும் அகலமான கிண்ணம் மாதிரி, உள்ளே இதழ்கள் நெருக்கமாக மடிந்து மடிந்து கிடக்கும். வாசனைதான் முக்கியமான அடையாளம். பன்னீர் ரோஜா வாசனை இல்லை, நன்றாகப் பழுத்த பழத்தின் வாசனை. தை மாதம் காலை ஆறரை மணிக்கு, இதழ் மேல் இன்னும் ஈரம் இருக்கும்போது முகத்தைக் கிட்டே கொண்டுபோனால், பழத்தட்டை மூடி வைத்துத் திறந்த மாதிரி இருக்கும். ஒன்பது மணி வெயில் ஏறிவிட்டால் அதில் பாதி கூட மிஞ்சாது.

நான் முதன்முதலில் ஒரு நர்சரியில் இந்தப் பெயர்ச் சீட்டோடு வாங்கிய செடி ஆறு மாதம் கழித்து வாசனையே இல்லாத ஆரஞ்சுப் பூவைப் பூத்தது. அதிலிருந்து பூவோ மொட்டோ இல்லாத செடியைப் பெயரை நம்பி வாங்குவதில்லை. பெங்களூருப் பண்ணைகளிலிருந்து கூரியரில் வரவழைப்பவர்கள் மார்கழி, தை மாதங்களில் வரவழையுங்கள். பங்குனிக்கு மேல் வரும் செடி லாரியிலேயே பாதி வெந்துவிடும்.

ஒட்டுச்செடியா, நட்டு வேர்விட்ட குச்சியா?

ஒட்டுச்செடிதான். எந்த வேர்ச்செடியில், அதாவது கீழே வேர் கொடுக்கும் எந்த ரோஜாவில், ஒட்டியது என்றும் கேளுங்கள். எட்வர்டு ரோஜா வேரில் ஒட்டியது நம் பகுதிக்கு நல்லது. உப்பும் சுண்ணாம்பும் கலந்த தண்ணீரை ஓரளவு தாங்கும். மல்டிஃபுளோரா வேர் மலைப்பகுதிக்கும் லேசான புளிப்பு மண்ணுக்கும் ஏற்றது. நம் போர் தண்ணீரில் சீக்கிரம் மஞ்சளாகிவிடும். குச்சி நட்டு வேர் பிடிக்க வைக்கலாம், ஆனால் அதன் சொந்த வேர் இங்கே வலுவாக நிற்பதை நான் பார்த்ததில்லை.

எந்தத் தொட்டி, என்ன மண்?

18 அங்குல மண் தொட்டி. கறுப்பு பிளாஸ்டிக் தொட்டியும் கறுப்புப் பையும் வேண்டாம். சித்திரை வெயிலில் மதியம் இரண்டு மணிக்குக் கறுப்புத் தொட்டியின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், கையை எடுத்துவிடுவீர்கள். வேர் எடுக்க முடியாது. மண் தொட்டி தண்ணீரைக் கசிய விட்டுத் தன்னைத் தானே குளிர்வித்துக்கொள்ளும். தளத்தின் சூடு ஏறாமல் இருக்கவும் தண்ணீர் வடியவும் தொட்டியை மூன்று செங்கல் மேல் தூக்கி வையுங்கள்.

மண்ணுக்குச் செம்மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய தொழு உரமோ மண்புழு உரமோ ஒன்றரைப் பங்கு, ஆற்று மணல் அரைப் பங்கு, இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. தேங்காய் நார்க்கழிவு போடுவதானால் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்து போடுங்கள், அதிலேயே உப்பு இருக்கும். எலும்புத் தூளைப் பலர் அள்ளிப் போடுகிறார்கள். மண்ணின் கார அமில நிலை 7க்கு மேல் போனால் அதிலுள்ள மணிச்சத்து (பாஸ்பரஸ்) செடிக்குக் கிடைக்காது. நம் தண்ணீர் ஊற்றிய மண் 7ஐத் தாண்டித்தான் இருக்கும். அந்தக் காசுக்கு இன்னொரு மூட்டை மண்புழு உரம் வாங்கலாம்.

இலை ஓரம் கருகுகிறது. தண்ணீர் போதவில்லையா?

பெரும்பாலும் தண்ணீர் குறைவால் இல்லை, தண்ணீரில் இருக்கும் உப்பால். என்னிடம் வருகிற பத்துப் பேரில் ஏழு பேருக்குச் சிக்கல் இதுதான்.

வட சென்னையில் கடலை ஒட்டிய தெருக்களில் போர் தண்ணீர் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். வடக்கே மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரில் கடல் நீர் ஏறியது 1960களின் கடைசியிலேயே தெரிந்துவிட்ட விஷயம். ரோஜா, உப்புக்கு மிகவும் பயப்படுகிற செடி. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்குங்கள். 500க்குள் இருந்தால் நிம்மதியாக ஊற்றலாம். 1000ஐத் தாண்டினால் இந்தச் செடியை அந்தத் தண்ணீரை மட்டும் நம்பி வளர்க்க முடியாது. எங்கள் வீட்டுப் போரில் கோடையில் 1400 காட்டும்.

தொட்டி விளிம்பில் சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளையாகப் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். விரலால் சுரண்டினால் பொடியாக உதிரும். அதுதான் உப்பு. தொட்டிக்கு வெளியே அவ்வளவு இருந்தால் உள்ளே வேரைச் சுற்றி இன்னும் அதிகம் இருக்கும். இலையின் ஓரமும் நுனியும் பழுப்பாகி, நடு இலை பச்சையாகவே இருந்தால் சந்தேகமே வேண்டாம். அப்போது "வாடுகிறதே" என்று அதே தண்ணீரை இன்னும் இரண்டு வேளை ஊற்றுவார்கள், உப்பு இன்னும் ஏறும்.

நான் செய்வது இது. ஏசி வெளியே விடும் தண்ணீரைப் பக்கெட்டில் பிடிக்கிறேன். காற்றின் ஈரம்தான் அப்படித் தண்ணீராகிறது, உப்பே இருக்காது. மெட்ரோ தண்ணீர் வரும் நாளில் இரண்டு குடம் இந்தச் செடிகளுக்கென்று தனியாக எடுத்து வைப்பேன். மழைக்காலத்தில் டிரம் நிறையப் பிடிப்பேன். இவற்றோடு போர் தண்ணீரைக் கலந்து மீட்டர் 500க்குக் கீழே வரும்படி பார்த்துக்கொள்கிறேன். மாதம் ஒரு முறை, நல்ல தண்ணீர் கிடைக்கிற நாளில், அடித்துளை வழியே வேகமாக வடியும் வரை மூன்று தடவை நிறைய ஊற்றி மண்ணைக் கழுவிவிட வேண்டும். ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் கழிவுத் தண்ணீரை மட்டும் ஊற்றவே கூடாது. குடிக்கிற தண்ணீரிலிருந்து எடுத்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

அக்கா, காசிமேடு பக்கத்திலேயே இருக்கு. மீன் கழுவின தண்ணி ஊற்றலாமா?

வெறும் தண்ணீரில் கழுவியதானால் வாரம் ஒரு முறை தாராளமாக ஊற்றுங்கள், நல்ல சத்து. ஆனால் நம் வீடுகளில் மீனைக் கல்லுப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்துத்தான் கழுவுவோம். அந்தத் தண்ணீர் வேண்டாம். கருவாடு ஊறிய தண்ணீர் வேண்டவே வேண்டாம். முதல் தண்ணீரை உப்புப் போடுவதற்கு முன்னால் தனியாகப் பிடித்துவிடுங்கள், அதுவே போதும்.

மீன் அமிலம் இன்னும் நல்லது. மீன் குடலும் செவுளும் ஒரு கிலோ, நாட்டு வெல்லம் ஒரு கிலோ, மூடிய டப்பாவில் மூன்று வாரம் நிழலில் வைத்தால் தேன் மாதிரி இறங்கும். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி கலந்து 15 நாளுக்கு ஒரு முறை வேரில் ஊற்றுகிறேன். ஊற்றியதும் மேலே காய்ந்த இலைச் சருகைப் போட்டு மூடிவிட வேண்டும். இல்லையென்றால் ராத்திரி பூனைகள் வந்து தொட்டியைத் தோண்டிவிடும்.

புதுத் தளிர் மஞ்சளாக, நரம்பு மட்டும் பச்சையாக இருக்கிறதே?

இரும்புச் சத்துக் குறைவு. மண்ணில் இரும்பு இல்லை என்று அர்த்தமில்லை, காரத் தண்ணீர் அதைப் பூட்டி வைத்திருக்கிறது. கடையில் கேட்கும்போது ஈ.டி.டி.எச்.ஏ. வகை இரும்பு என்று கேளுங்கள். சாதாரண ஈ.டி.டி.ஏ. வகை நம் மாதிரிக் கார மண்ணில் வெகு நாள் வேலை செய்யாது. மஞ்சள் வந்த இலை முழுதாக மாறாமல் போகலாம். அடுத்த தளிர் பச்சையாக வருகிறதா என்று பாருங்கள்.

கோடையில் என்ன செய்ய வேண்டும்? பூ வரவே இல்லை.

கோடையில் இதனிடம் பூ எதிர்பார்க்காதீர்கள். இங்கிலாந்தில் இந்தச் செடி குளிர்காலம் முழுக்கத் தூங்கி எழுந்து, குளிர்ந்த இரவுகளில் மெதுவாக மொட்டை நிரப்பிக்கொள்ளும். நமக்குச் சித்திரை, வைகாசியில் நள்ளிரவிலும் வெப்பம் பெரிதாக இறங்காது. பகலில் இலை தயாரிக்கும் சர்க்கரையை இரவு வெப்பத்தில் செடியே எரித்துத் தீர்த்துவிடும். பூவுக்கு மிச்சம் இருக்காது. அப்படியும் வருகிற பூ பாதி அளவில், வெளுத்துப்போய், இதழ் குறைந்து இருக்கும், மதியத்துக்குள் கொட்டிவிடும்.

அதனால் பங்குனிக் கடைசியிலிருந்து ஆடி வரை வருகிற மொட்டை எல்லாம் பட்டாணி அளவிலேயே கிள்ளிவிடுகிறேன். மனசு கேட்காதுதான். ஆனால் கிள்ளிய செடிக்கும் விட்ட செடிக்கும் உள்ள வித்தியாசம் கார்த்திகையில் தெரியும். கிள்ளியதில் பென்சில் கனத்துக்குக் கிளைகள் இருக்கும். மற்றதில் குச்சி குச்சியாக நிற்கும்.

காலை வெயில் பதினொன்றரை வரை போதும். பிறகு 50 சதவீத நிழல் வலை. அக்னி நட்சத்திரத்தில் கவாத்து (கிளை வெட்டுவது), உரம், தொட்டி மாற்றுவது எதுவும் கூடாது. காலையில் நன்றாகத் தண்ணீர், மாலையில் மேல்மண் காய்ந்திருந்தால் இன்னொரு தடவை. மண் மேல் இரண்டு அங்குலம் சருகு மூடாக்கு.

ஆறடிக்கு நீளமாகக் குச்சி போகிறது, நுனியில் மட்டும் ஒரு பூ. வெட்டிவிடலாமா?

வெட்டாதீர்கள். அலோஹாவின் கொடி ரத்தம் என்று முன்பு சொன்னேனே, அது இதுதான். இங்கிலாந்தில் ஐந்தடிப் புதராக நிற்பது வெப்பமான ஊர்களில் எட்டடி, ஒன்பதடி வரை கொடி மாதிரி ஓடும். வெட்டினால் மறுபடியும் அதே மாதிரி நீளக் குச்சிதான் வரும்.

அந்தக் கிளையை மாடிக் கைப்பிடிக் கம்பியில் கிடைமட்டமாக மெதுவாக வளைத்துக் கட்டுங்கள். நுனி மேலே நிமிர்ந்திருக்கும்வரை கீழ்க்கணுக்களை அது தூங்க வைத்திருக்கும். படுத்ததும் கணுவுக்குக் கணு முளை எழும்பும், ஒவ்வொன்றிலும் மொட்டு வரும். ஒரே நாளில் வளைக்காதீர்கள், முறிந்துவிடும். பழைய பருத்திப் புடவைக் கிழிசலால் கட்டி வாரம் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குங்கள். போன வருடம் எங்கள் கைப்பிடியில் ஒரே கிளையில் பதினொரு பூ, தெருவைப் பார்த்து வரிசையாகத் தொங்கியது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் நின்று எண்ணிவிட்டுப் போவார்கள்.

பூ தலைகுனிந்து நிற்கிறது. நோயா?

இல்லை. இதழ் கனம். இந்த வகையின் இயல்பே அது. கைப்பிடி உயரத்தில் கட்டினால் குனிந்த பூ நம் முகத்துக்கு நேராக இருக்கும்.

கவாத்து எப்போது?

மார்கழி தொடக்கத்தில், பெருமழை ஓய்ந்த பிறகு. கவாத்து செய்து 45 முதல் 50 நாளில் பூ வரும். எனவே டிசம்பர் மூன்றாம் வாரம் வெட்டினால் பிப்ரவரி தொடக்கத்தில், இரவு இன்னும் குளிர்ச்சியாக இருக்கும்போதே பூக்கும். பொங்கலுக்குப் பூ வேண்டும் என்று நவம்பர் கடைசியில் வெட்டுபவர்கள் இருக்கிறார்கள். நானும் அப்படி வெட்டியிருக்கிறேன். 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. வெட்டிய காயத்தில் மழை இறங்கி, இரண்டு செடிகளில் கிளை நுனியிலிருந்து கருகிக்கொண்டே கீழே போய் ஒட்டையே தொட்டுவிட்டது. ஒன்று பிழைக்கவில்லை.

கடை ரோஜாவைப் போல ஒன்றரை அடிக்கு மொட்டையாக வெட்டக் கூடாது. மொத்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்கை வெட்டினால் போதும். காய்ந்த குச்சி, உள்நோக்கிப் போகும் குச்சி, பென்சிலில் பாதி கனம் கூட இல்லாத குச்சி ஆகியவை முதலில். வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்குக் கால் அங்குலம் மேலே சாய்வாக வெட்டி, போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பசை) தடவுங்கள். வெட்டிய இடத்தின் நடுத்தண்டு வெள்ளையாக இருக்க வேண்டும். பழுப்பாக இருந்தால் வெள்ளை தெரியும்வரை இன்னும் கீழே இறங்குங்கள். ஆவணியில் ஒரு லேசான கவாத்து, கைப்பிடி அளவு நுனி மட்டும்.

இலையில் கரும்புள்ளி வந்து எல்லாம் கொட்டுகிறது.

ஐப்பசி, கார்த்திகையில் இந்த வகைக்கு நிச்சயம் வரும். ஆபிரகாம் டார்பியின் பெரிய பலவீனமே கரும்புள்ளி நோய்தான். இலை தொடர்ந்து ஏழு மணி நேரத்துக்கு மேல் ஈரமாக இருந்தால் பூஞ்சைக்குப் போதும். எனவே மாலையில் இலை நனையத் தண்ணீர் தெளிக்காதீர்கள். தொட்டிகளுக்கு இடையே இரண்டடி காற்று போக இடம் விடுங்கள். புள்ளி விழுந்த இலையையும் கீழே விழுந்ததையும் பொறுக்கிக் குப்பையில் போடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். மழைக்கு இடைவெளி கிடைக்கும்போது லிட்டருக்கு 2 கிராம் மேன்கோசெப், அடுத்த முறை லிட்டருக்கு 1 கிராம் கார்பென்டாசிம் என்று மாற்றி மாற்றித் தெளிக்கிறேன். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பத் தெளித்தால் பூஞ்சை பழகிவிடும். தெளிக்கும்போது முகக்கவசமும் கையுறையும் போடுங்கள், பிள்ளைகளைக் கீழே அனுப்பிவிடுங்கள்.

மொட்டு வருகிறது, விரியாமல் ஓரம் பழுப்பாகிக் காய்கிறது. ஏன்?

இலைப்பேன். மாசிக்கு மேல் வெயில் ஏற ஏறப் பெருகும். ஒரு மொட்டைக் கிள்ளி வெள்ளைத் தாளில் தட்டிப் பாருங்கள். எள்ளை நீளவாக்கில் பிளந்த மாதிரி மெல்லிய பூச்சிகள் ஓடும். பாதித்த மொட்டுகளைக் கிள்ளி மூடிய பையில் போட்டுவிடுங்கள், பூச்சி வந்து ஒட்டிக்கொள்ளும் நீல நிறப் பொறி கட்டுங்கள், மாலையில் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய் கொஞ்சம் சோப்புக் கரைசலோடு தெளியுங்கள். மழைக்காலத்தில் இதே மாதிரி மொட்டு விரியாமல் உருண்டையாக நின்றால் அது வேறு. வெளியிதழ் நனைந்து ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த இதழை மட்டும் விரலால் உரித்துவிட்டால் உள்ளே பூ சில சமயம் பிழைக்கும்.

இலைக்கு அடியில் நூலாம்படை, மேலே ஊசி குத்திய மாதிரி வெளுப்பு?

செஞ்சிலந்தி. இது பூச்சியே இல்லை, சிலந்தி இனம். சாதாரணப் பூச்சிமருந்து அடித்தால் இதைத் தின்னும் நல்ல பூச்சிகள்தான் சாகும், சிலந்தி இன்னும் பெருகும். மணலி, எண்ணூர்ப் பக்கம் இலையில் தூசி படிகிற வீடுகளில் இது அதிகம், தூசி இதற்குப் பிடிக்கும். வாரம் மூன்று நாள் காலையில் இலையின் அடிப்பக்கத்தைக் குழாய்த் தண்ணீரால் வேகமாக அடித்துக் கழுவுங்கள். வெயில் ஏறுவதற்குள் இலை காய்ந்துவிட வேண்டும்.

அக்கா, வாங்கும்போது பீச் கலர் பூ. இப்போ சின்னச் சின்ன ரோஸ் கலர் பூவா வருதே?

ஒட்டுக்குக் கீழேயிருந்து எட்வர்டு ரோஜா கிளம்பியிருக்கிறது. அடித்தண்டில் கொஞ்சம் மண்ணை விலக்கிப் பாருங்கள். முடிச்சு மாதிரி வீங்கிய இடம் ஒட்டு. அதற்குக் கீழே பிறந்த கிளையைக் கத்தரியால் வெட்டாமல் பிறந்த இடத்தோடு இழுத்துப் பிய்த்துவிடுங்கள். வெட்டினால் நான்காகத் துளிர்க்கும். ஒட்டுக்கு மேலே பச்சைக் கிளை ஒன்றாவது மிச்சம் இருந்தால் செடி திரும்பிவிடும். எல்லாமே காய்ந்திருந்தால், வருத்தம்தான், ஆபிரகாம் டார்பி போய்விட்டது. எட்வர்டு ரோஜாவும் வாசனையுள்ள நல்ல பூ. பிய்த்தெறிய வேண்டாம், அப்படியே வளருங்கள்.

தலையில் வைக்கலாமா? சாமிக்குப் போடலாமா?

தொடுத்தால் நிற்காது. காம்பு மெல்லியது, இதழ் சீக்கிரம் கொட்டும். முக்கால்வாசி விரிந்த பூவை விடியற்காலையில் காம்பை ஒட்டிக் கிள்ளி, அகலமான உருளியில் தண்ணீர் ஊற்றி மிதக்க விடுங்கள். எங்கள் வீட்டில் முதல் பூ சாமி படத்துக்கு முன்னால் உருளியில் போகும், இரண்டாவது கீழ் வீட்டு ஆயாவுக்கு. அவர் கண் சரியாகத் தெரியாதவர். கதவைத் தட்டுவதற்கு முன்னாலேயே உள்ளேயிருந்து "பூ வந்துடுச்சா?" என்று கேட்பார்.